ஒட்டிக்கொண்ட வாஷர்

நோன்பு மாதம் மே மாத வெயிலில் வந்து விழுந்தால், கார்த்தூம் போகிற சாலையில் இருக்கிற ஹஸாஹீஸாவில் மனிதர்கள் பாதி ஆளாகத்தான் நடமாடுவார்கள். மீதிப் பாதி எங்காவது நிழலில் படுத்துக் கிடக்கும். மெக்கானிக் அப்துல் பாகிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. எண்ணெய் மாற்றுகிற குழிக்குள் நிழல் உண்டு, காற்று கிடையாது. மேலே நிற்கிற வண்டியின் சூடு அப்படியே தலையில் இறங்கும். கீழே சிந்திக் கிடக்கிற எண்ணெய் செருப்பைப் பிடித்து இழுக்கும். விடியலுக்கு முன்னால் குடித்த தண்ணீர் எப்போதோ வியர்வையாகிப் போயிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறை பேசுவதற்கு முன்னாலும் அதைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது.

பிற்பகல் அஸர் தொழுதாகிவிட்டது, கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் பாங்கு சொல்லும்வரை விழலாம் என்று அவர் நினைத்த நேரத்தில்தான் ஹமதுன்னீல் தன் வேனைக் கொண்டுவந்து குழிமேல் நிறுத்தினான்.

"உஸ்தா! பாகி உஸ்தா! உசுரோட இருக்கியா?"

"பாதி இருக்கேன். மீதி வேணும்னா நாளைக்கு வா."

"நாளைக்கு நான் கார்த்தூம்ல இருப்பேன். ஸ்டாண்டுல ஆளுங்க ஏறிக்கிட்டு இருக்காங்க. ஆயிலும் பில்டரும் மட்டும் மாத்தி விட்டுரு. நோன்பாளி துஆ வாங்கிக்கோ."

"நானும் நோன்புதான்டா. என் துஆவை முதல்ல நீ வாங்கிக்கோ, பலிக்குதான்னு பாப்போம்."

ஹமதுன்னீல் சிரித்தான். அவனுக்கு நோன்பிலும் வாய் ஓயாது. ஆனால் அந்த வேனை அவன் எப்படி வைத்திருக்கிறான் என்பது பாகிக்குத் தெரியும். போன வருஷம் என்ஜின் படுத்துவிட்டபோது வீட்டிலிருந்த இரண்டு கறவை மாடுகளையும் விற்றுத்தான் புதிதாகக் கட்டினான். அவன் அம்மா அந்த மாடுகளின் பெயரைச் சொல்லி இன்றைக்கும் அழுகிறாளாம். பெண்டாட்டி, பிள்ளைகள், அம்மா எல்லோரும் இப்போது அந்த என்ஜினைத்தான் கறந்து குடிக்கிறார்கள்.

குழிக்குள் இறங்குவதற்கு முன் பாகி சாவியைத் திருப்பிப் பார்த்தார். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை.

"ஆயில் லைட்டு பல்பு போச்சே. ஆயில் இறங்கினா உனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் நீ இருக்கியே உஸ்தா. அப்புறம் லைட்டு எதுக்கு?"

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் உச்சி குளிராது? பாகி குழிக்குள் இறங்கினார். ஹமதுன்னீல் தன் கைப்பேசியைக் கடை அலமாரியில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு, கட்டிலில் காலை நீட்டிக்கொண்டான்.

பழைய எண்ணெய் தார் மாதிரி இறங்கியது. பில்டர் இறுகிப் போயிருந்தது. பட்டை ஸ்பானரைப் போட்டுத் திருகியபோது கண்ணுக்குள் பொட்டுப் பொட்டாக ஏதோ பறந்தது. ஒரு வழியாக அது கழன்று, சூடான எண்ணெய் முழங்கைவரை வழிந்தது. வழக்கப்படி அதன் முதுகில் திருப்புளியால் ஓர் ஓட்டை போட்டு, எண்ணெய் வடிய டிரம்மின் கம்பி வலைமேல் கவிழ்த்து வைத்தார். வடிகிற எண்ணெய்க்குச் செங்கல் சூளைக்காரன் மாதம் ஒருமுறை வருவான். புது பில்டரை எடுத்து, அதன் ரப்பர் வாஷரில் விரலால் எண்ணெய் தடவி, ஏற்றி, கையாலேயே இறுக்கினார். கை வேலையைச் செய்தது. மனசு வீட்டில், பெண்டாட்டி பத்தூல் ஈரத்துணி சுற்றி வைத்திருக்கும் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் படுத்திருந்தது.

எண்ணெய் ஊற்றி, வண்டியைக் கிளப்பிவிட்டுக் கீழே குனிந்து பார்த்தார். ஒரு சொட்டுக்கூட இல்லை. ஹமதுன்னீல் எழுந்து, துஆவெல்லாம் சொல்லி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறம் பாகி ஒரு மூலையில் உட்கார்ந்தவர், கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. டிரம்மை மூடிவிட்டுக் கிளம்பலாம் என்று வலைமேல் கிடந்த பில்டரைத் தூக்கினார். குப்பையில் எறியப்போன கை பாதியில் நின்றது.

பில்டரின் வாயில் வாஷர் இல்லை. இருக்க வேண்டிய வட்டப் பள்ளம் மட்டும் காலியாக அவரைப் பார்த்தது.

டிரம்முக்குள் விழுந்திருக்குமோ என்று கையை விட்டுத் துழாவினார். குழியில் இறங்கி, தரையெல்லாம் தடவினார். இல்லை. அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. சூட்டில் வெந்து, என்ஜினோடு ஒட்டிக்கொண்டு, அங்கேயே இருக்கிறது. அதன் தலைமேலேதான் புது வாஷரை வைத்து இறுக்கி அனுப்பியிருக்கிறார். என்ஜினில் பில்டர் உட்காருகிற இடத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்துவிட்டுத்தான் புதியதை மாட்ட வேண்டும். இன்றைக்குத் துடைத்தாரா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. வாஷர் மேல் வாஷர் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்கும், நல்ல பிள்ளை மாதிரி. என்ஜின் சூடேறி, வண்டி வேகமெடுத்தால் பிதுங்கிக்கொண்டு வழிவிட்டுவிடும். அப்புறம் இருக்கிற எண்ணெயெல்லாம் ரோட்டில்தான். சிவப்பு விளக்கும் எரியாது. ஹமதுன்னீல் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுவான், என்ஜின் உருகிப் பிடித்துக்கொள்ளும்வரை.

அவசரமாக அவன் எண்ணைப் போட்டார். அலமாரியில், டீ கிளாஸ்களுக்கு நடுவில், ஹமதுன்னீலின் கைப்பேசி குஷியாகப் பாடியது.

"நாசமாப் போச்சு," என்றார் பாகி, நோன்பு என்பதையும் மறந்து.

புது பில்டர் ஒன்று, எண்ணெய் டின் ஒன்று, பட்டை ஸ்பானர், பாடுகிற கைப்பேசி எல்லாவற்றையும் ஒரு கோணியில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினார். ஓடினார் என்று சொல்வது மரியாதைக்காக. நிழலில் தூங்கிக்கொண்டிருந்த ஓர் ஆட்டோக்காரனை எழுப்பி, அவன் முனகலையெல்லாம் வாங்கிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனார். வேன் கொஞ்சம் முன்னால்தான் கிளம்பியிருந்தது. "ஃபுல் லோடு!" என்று ஸ்டாண்டுக்காரன் சந்தோஷமாகச் சொன்னான்.

ஆட்டோவில் துரத்திப் பிடிக்க முடியாது. போலீஸிடம் சொல்லலாம் என்றால், நோன்பு திறக்கிற நேரத்தில் போலீஸ்காரரைத் தேடிப் பிடிப்பதற்கு இன்னொரு போலீஸ்காரர் வேண்டும். யார் நிறுத்துவார்கள் அந்த வண்டியை?

யார் நிறுத்துவார்கள் என்பது அந்தச் சாலையில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். அந்தித் தொழுகையான மக்ரிபு நெருங்கினால் கிராமத்து ஆண்கள் பாயையும் தட்டுகளையும் தூக்கிக்கொண்டு சாலையோரத்துக்கு வந்துவிடுவார்கள். தலைப்பாகையை அவிழ்த்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சாலைக்குக் குறுக்கே நீட்டி நிற்பார்கள். நோன்பு திறக்கிற நேரத்தில் ஒரு வழிப்போக்கன் தங்கள் ஊரைத் தாண்டிப் போய்விட்டால் அது அவர்களுக்கு அவமானம். ஆனால் ஹமதுன்னீல் இதிலெல்லாம் தேர்ந்தவன். கையை நெஞ்சில் வைத்து, ஆயிரம் மன்னிப்புக் கேட்டு, வாங்கிய பேரீச்சம்பழத்தோடு வண்டியை நகர்த்திக்கொண்டு போய்விடுவான். அவனால் நழுவ முடியாத இடம் வத் ஜபர் கிராமம் ஒன்றுதான். அங்கே தஃபல்லா நிற்பார். தஃபல்லா தலைப்பாகையை நீட்டினால் மந்திரியின் காரே நிற்கும்.

தஃபல்லா வேறு யாருமில்லை, பாகியின் தங்கை சித்தனாவின் புருஷன். இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

காரணமும் இதேதான். பாகியிடம் எண்ணெய் மாற்றிக்கொண்டு போன தஃபல்லாவின் பிக்கப் வாய்க்கால் கரையில் என்ஜின் பிடித்து நின்றுபோயிற்று. சில நாள் கழித்து சந்தை நாளில் அவர் பாகியின் கடைக்கு வந்தார். கையில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை. கடை நிறைய ஆட்கள். "மச்சான், பழைய வாஷரை எடுத்தியா நீ அன்னிக்கு?" என்று மெதுவாகத்தான் கேட்டார். பாகிக்கு மூக்குமேல் கோபம் வந்துவிட்டது. "அதை நான் விட்டிருந்தா என் பெண்டாட்டி எனக்குத் தலாக்!" என்று கத்திவிட்டார். அந்த ஊர் ஆண்களுக்கு இந்த ஆணை நாக்கு நுனியிலேயே இருக்கும். விருந்தாளி இன்னொரு கிளாஸ் டீ வேண்டாம் என்றால்கூட பெண்டாட்டி மேல் ஆணையிட்டுக் குடிக்க வைப்பார்கள். ஆனால் ஆணை ஆணைதான். பொய்யாகிவிட்டால் அவள் விலகிவிட்டாள் என்று அர்த்தம். தஃபல்லா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். அதற்கப்புறம் பெருநாளைக்குக்கூட வரவில்லை. ஆயில் பார்க்காமல் வண்டி ஓட்டிவிட்டுப் பழியை என்மேல் போடுகிறான் என்று பாகி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

இப்போது அந்த ஆளுக்கே போன் போட வேண்டும். பாகி ஆட்டோவில் உட்கார்ந்தபடி கைப்பேசியை வெறித்துப் பார்த்தார். வேன் என்ஜினைக் கறந்து குடிக்கிற அந்த வீட்டை நினைத்தார். எண்ணை அழுத்தினார்.

"யாரு?"

"நான்தான். பாகி."

அந்தப் பக்கம் பாய் விரிக்கிற சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. அப்புறம், "யாரும் மௌத்தா?" என்றார் தஃபல்லா.

"இல்ல மச்சான். ஒரு உதவி."

"என்கிட்டயா?"

"ஹமதுன்னீலோட வேன் வருது. அதை நிறுத்தணும். நிறுத்தி என்ஜினை அணைக்க வைக்கணும். நோன்பு திறந்து முடிச்சாலும் நான் வர்றவரைக்கும் விடக்கூடாது."

"ஏன்?"

கோணிக்குள் ஹமதுன்னீலின் கைப்பேசி இருந்தது. போனை மறந்து வைத்துவிட்டான், கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிடலாம். பொய்கூட இல்லை. ஆனால் தஃபல்லா அதை ஹமதுன்னீலிடம் சொன்னால், நாளைக்கு வாங்கிக்கறேன் என்று அவன் கிளம்பிவிடுவான். பாகிக்குச் சாமர்த்தியம் பண்ணவும் தெம்பு இல்லை.

"பழைய வாஷரை எடுக்காம புது பில்டரை மாட்டிட்டேன்," என்றார்.

நக்கல் வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார். வரட்டும், இரண்டு வருஷத்து நக்கல், வட்டியோடு வரட்டும்.

"வேன் என்ன கலர்?" என்றார் தஃபல்லா.

"வெள்ளை. பின்கண்ணாடில பச்சைக் கொடி."

போன் துண்டிக்கப்பட்டது.

ஆட்டோ சாலையில் ஏறியது. வழியெல்லாம் பாகி தலையை வெளியே நீட்டித் தார் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி தூரம்வரை ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு கறுப்புப் பொட்டு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு பொட்டுகள் சேர்ந்து மெல்லிய கோடாகி, வளைந்து வளைந்து முன்னால் போயிற்று. ஒரு மனிதனின் குடும்பம் சொட்டிக்கொண்டே போகிறது என்று அவருக்குத் தோன்றியது.

இடையில் ஒரு கிராமத்தில் தலைப்பாகையை நீட்டி ஆட்டோவை மறித்துவிட்டார்கள். பாங்கு சொல்லிவிட்டது. ஆட்டோக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும், பாதிக் காலை வெளியே வைத்துவிட்டான்.

"இறங்குங்க, இறங்குங்க, எங்க ஊரைத் தாண்டவா பாக்கறீங்க?"

"என்னை விட்டுருங்கப்பா. ஒருத்தன் என்ஜின் போயிட்டு இருக்கு."

"போற என்ஜின் போகட்டும்! நீங்க நோன்பு திறங்க!"

எண்ணெய்க் கை, கோணி, கலங்கின கண் எல்லாவற்றையும் பார்த்த ஒருவருக்கு மனம் இளகியது. இருவர் வாயிலும் பேரீச்சம்பழத்தைத் திணித்து, ஆளுக்கொரு குவளைத் தண்ணீரைக் குடிக்க வைத்துத்தான் விட்டார்கள். நாள் முழுக்கக் கனவு கண்ட அந்தத் தண்ணீர் எப்படி இறங்கியது என்றே பாகிக்குத் தெரியவில்லை.

வத் ஜபரை அடைந்தபோது மேற்கில் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. சாலையோரத்தில் அந்த வெள்ளை வேன் அணைந்து நின்றது. பாய்களில் பயணிகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து சோளக்களியைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஹமதுன்னீல், கன்னம் உப்ப, ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"உஸ்தா! நீ எங்க இங்க? பாரேன், நான் போறேன் போறேன்னு மன்றாடறேன், இந்த மனுஷன் ரோட்டுலயே படுத்துட்டார். வண்டிக்கு முன்னால! தலாக் மேல ஆணையும் போட்டுட்டார்!"

வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கைப்பேசி வெளிச்சம் உள்ளே அசைந்தது.

"உன் தங்கச்சிய வெச்சுத்தான் ஆணை போட்டேன்," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "இவன் கிளம்பியிருந்தா அவ உன் வீட்டுக்குத்தான் வந்திருப்பா. நல்லா சொட்டுது மச்சான். ஆனா வெளக்கெண்ணெய் மாதிரி மெதுவா. சீக்கிரம் வா."

பாகி என்ஜினின் எண்ணெய் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தார். நுனியில் ஓர் ஓரம் ஈரமாக இருந்தது. அவ்வளவுதான், ஆனால் இருந்தது.

பிறகு அடியில் நுழைந்தார். தஃபல்லா நகர்ந்து இடம் கொடுத்து வெளிச்சம் பிடித்தார். பில்டர் கழன்று வந்தது. மேலே, என்ஜினில், பழைய வாஷர் கறுப்பாக, தட்டையாக, இரும்போடு இரும்பாக ஒட்டியிருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினால்தான் அது ரப்பர் என்றே தெரிந்தது. பாகி அதை உரித்தெடுத்தார். விரலால் ஒரு சுற்றுத் துடைத்தார். இன்னொரு சுற்று. இன்னும் ஒரு சுற்று.

"போதும்டா, தேஞ்சிடும்," என்றார் தஃபல்லா.

எண்ணெய் ஊற்றி, வண்டியைக் கிளப்பி, நெடுநேரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். சொட்டு இல்லை. பாகி ஹமதுன்னீலைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்தது. வேனின் பக்கவாட்டைத் தடவிக் கொடுத்தான், மாட்டைத் தடவுவதுபோல.

"கார்த்தூம்ல முதல் வேலையா அந்த பல்பை மாட்டிக்கோ," என்றார் பாகி, அவன் கைப்பேசியை நீட்டியபடி. "நான் இருக்கேன்னு நம்பாதே."

வேன் போயிற்று. பாகி பாயின் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். எலும்புகளை யாரோ உருவிக்கொண்டு போனமாதிரி இருந்தது. உள்ளங்கையில் அந்த வாஷர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், சட்டென்று தலையைத் தூக்கினார்.

"மச்சான். அன்னிக்குக் கடைக்கு வந்தப்ப உன் கையில ஒரு பை இருந்துச்சே."

தஃபல்லா தலைப்பாகையை உதறிச் சுற்றிக்கொண்டிருந்தார். "எந்தப் பை?"

"கறுப்புப் பை."

"ஆமா, இருந்துச்சு."

"அதுல என்ன?"

தஃபல்லா சுற்றி முடித்துவிட்டுத்தான் பேசினார். "உன் பில்டர். அது வாயில ரெண்டு வாஷர். காட்டலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள நீ வாயைத் திறந்துட்டியே."

பாகி உள்ளங்கையிலிருந்த வாஷரை மூடிக்கொண்டார்.

"அத்தனை பேர் முன்னாடி பையைத் திறந்திருந்தா பத்தூல் எங்கடா நிப்பா? போற வழியில வாய்க்கால்ல எறிஞ்சுட்டேன். சித்தனாதான் சொன்னா, எங்க அண்ணனுக்கு வாய் நீளம், பத்தூல் பாவம், விட்டுருங்கன்னு."

"நான் ஊரெல்லாம் உன்னைப் பொய்யன்னு சொன்னேன்."

"கேள்விப்பட்டேன். நல்லாத்தான் சொல்லியிருக்கே."

"இப்ப... இப்ப பத்தூல்?"

"பேர் சொல்லாம ஷேக்கிட்ட கேட்டேன். நிஜம்னு நம்பிச் சொன்னவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு மார்க்கம் படிச்சவங்கள்ல ஒரு கூட்டம் சொல்லுதாம். தலாக் ஆச்சுன்னு இன்னொரு கூட்டம் சொல்லுதாம். ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல உன் வீட்டைக் கொண்டுபோய் வைக்கச் சொல்றியா? அதான், உன் வீட்டுப் பக்கமே வரல. வந்தா எங்கயாவது கோவத்துல உளறிடுவேன்."

பாகி அழுதார். களைப்பினால் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அவர் சொல்லவில்லை. இரண்டு வருஷம் இந்த ஆள் பொய்யன் பட்டத்தைச் சுமந்துகொண்டு பாகியின் வீட்டு வாசலைக் காத்து வந்திருக்கிறார். தான் மட்டும் பெருநாளைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தித் திரிந்திருக்கிறோம். வெட்கம் உடம்பு முழுக்க எரிந்தது.

தஃபல்லாவுக்கு அழுகிற ஆளைப் பார்த்துக்கொண்டு உட்காரத் தெரியாது. தட்டை இழுத்து முன்னால் வைத்தார். சோளக்களியும், வெண்டைக்காய்ப் பொடி போட்ட குழம்பும் ஆறிப் போயிருந்தன.

"சாப்பிடு."

"இறங்காது மச்சான்."

"இறங்கும். இந்தத் தட்டைக் காலி பண்ணாம நீ எழுந்திரிச்சே, என் பெண்டாட்டி எனக்கு..."

பாகி பாய்ந்து தன் கறுத்த கையால் அவர் வாயைப் பொத்தினார்.

"வேணாம். சத்தியம் பண்ணாதே மச்சான். சும்மா சொல்லு, சாப்பிடறேன்."

கையை எடுத்தபோது தஃபல்லாவின் வெள்ளை மீசையில் ஐந்து விரலும் எண்ணெயாகப் பதிந்திருந்தது.

"சரி. சும்மாதான் சொல்றேன். சாப்பிடு," என்றார் அவர்.

பாகி கையைத் துடைத்துக்கொண்டு களியைப் பிட்டார். மீசையைத் துடைத்துக்கொள்ளாமலே தஃபல்லா குழம்புக் கிண்ணத்தை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.